முந்நூற்று அறுபது தடவை போய்வந்த டயாலிசிஸ் சென்டர்: என் மூன்றரை ஸ்டார்

ஹோட்டலுக்கும் ஹெட்போனுக்கும் ரிவ்யூ எழுதுகிறார்கள், நீங்கள் வாரம் மூன்று நாள் போகிற இடத்துக்கு எழுதினால் என்ன என்று மகள் கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது. 2 வருஷம் 8 மாதமாகப் போகிறேன். முதல் வருஷம் வாரத்துக்கு 2 தடவை, அப்புறம் 3 தடவை. 360 செஷன் தாண்டிவிட்டது. எந்தக் கடைக்கும் நான் இத்தனை தடவை போனதில்லை, என் மாமியார் வீட்டுக்கே போனதில்லை.

இடம் திருச்சி. பெயர் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் திட்டவும் வேண்டியிருக்கிறது, நாளைக்குக் காலை அங்கேதான் கையை நீட்டவும் வேண்டியிருக்கிறது. எனக்கு லால்குடி, தையல் கடை. பத்து வருஷச் சர்க்கரை, கண்டுகொள்ளாமல் விட்ட பிரஷர், இரண்டும் சேர்ந்து கிட்னியை முடித்துவிட்டன. இதில் சுவாரஸ்யமாக ஒன்றும் இல்லை, மேலே போவோம்.

முதலில் மெஷின். ஒரு ஹாலில் 12 மெஷின், அதில் 2 தனி அறையில், மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பவர்களுக்கு. இதை நான் பெரிய பிளஸ்ஸாகச் சொல்வேன். நீங்கள் எந்த சென்டரில் சேர்ந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள். தண்ணீர் சுத்தம் செய்யும் ஆர்ஓ பிளான்ட்டை மாசா மாசம் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்டைச் சுவரில் ஒட்டுகிறார்கள், அதுவும் நல்லது. ரத்தத்தை வடிகட்டுகிற டயாலைசரைக் கழுவி மறுபடி உபயோகிக்கிறார்கள், இன்சூரன்ஸில் போகிற எல்லா இடத்திலும் அநேகமாக அப்படித்தான். அவரவர் டயாலைசர் அவரவருக்கு, மேலே பெயரும் நம்பரும் எழுதி, ஒவ்வொரு தடவை கழுவும்போதும் ஆர்-1, ஆர்-2 என்று லேபிளில் ஏற்றிக்கொண்டே போவார்கள். உள்ளே தலைமுடி மாதிரி ஆயிரக்கணக்கில் குழல்கள் இருக்கும். அவை அடைத்து, கொள்ளளவு புதிதில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். போடுகிறார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் கேட்பேன். முதலில் முறைத்தார்கள், இப்போது கேட்காமலே சொல்கிறார்கள். அந்தக் கழுவுகிற அறையிலிருந்து ஊறுகாய் வினிகர் மாதிரி ஒரு வாடை வரும், பழகிவிடும்.

ஊசி. இதைப் பற்றி ஒரு டெய்லர் சொல்லாமல் யார் சொல்வது? எங்கள் தொழிலில் நம்பர் ஏற ஏற ஊசி பருமன். ஜீன்ஸுக்கு 16-ஆம் நம்பர் போடுவோம், அது 1 மில்லிமீட்டர். இவர்கள் தொழிலில் தலைகீழ், நம்பர் ஏற ஏற ஒல்லி. கையில் ஊசி போட்ட முதல் நாள் "16 தான் போடுறோம் சார்" என்றபோது நான் நம்ம 16-ஐ நினைத்துக்கொண்டு தைரியமாக இருந்தேன். எடுத்துக் காட்டினார்கள். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேலே. கோணி தைக்கிற ஊசி. ஒன்று ரத்தம் எடுக்க, ஒன்று திருப்பி விட. இதுவரை கிட்டத்தட்ட 700 குத்து வாங்கிய கை இது.

அந்தக் கையில் ஃபிஸ்டுலா ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பது. டாக்டர் போட்ட தையலை நான் பல நாள் உற்றுப் பார்த்திருக்கிறேன், அருமையான கை. அது முதிர 2 மாதம் ஆனது, அதுவரை கழுத்தில் டியூப். இப்போது இடது முழங்கைக்குக் கீழே விரல் வைத்தால் உள்ளே உர்ர்ரென்று ஓடும், மெஷின் மோட்டார் மேல் கை வைத்த மாதிரியே. தினமும் காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்க்க வேண்டும், ஓட்டம் இருக்கிறதா என்று. ராத்திரி தலைக்கு அந்தக் கையைக் கொடுத்துப் படுத்தால் காதுக்குள் உஷ் உஷ் என்று கேட்கும். முதலில் தூக்கம் வரவில்லை. இப்போது அது கேட்காத பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

குத்துகிற ஆள்தான் சென்டர். இதை அடிக்கோடு போட்டு வாசியுங்கள். ஏசி, டிவி, வாட்டர் கூலர் எல்லாம் அப்புறம். இங்கே பெரம்பலூர் பக்கத்துப் பெண் ஒருத்தி டெக்னீஷியன், 23, 24 வயதிருக்கும், எல்லாரையும் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஒரே குத்து, ஒரே தடவை. அவள் லீவ் போட்ட அன்றைக்கு ஒருவர் வந்து மூன்று தடவை குத்தி, கை வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து, ஒரு வாரம் துணி வெட்ட முடியாமல் கிடந்தேன். அதற்கு அரை ஸ்டார் பிடித்தம்.

அவளுக்கு அரை ஸ்டார் கூடுதலாகவும் கொடுக்கிறேன், ஒரு சம்பவத்துக்காக. போன ஐப்பசியில் ஒருநாள், நல்ல மழை, செஷன் நடுவில் கரன்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்கவில்லை. என் மெஷினின் பேட்டரியும் மக்கர். ரத்தம் டியூபில் நிற்கிறது, நின்றால் உறையும். அவள் ஓடிவந்து, பம்ப்பில் கைப்பிடியைச் செருகி, கையால் சுற்ற ஆரம்பித்தாள். நிதானமாக, ஒரே சீராக. எனக்கு அந்த நேரத்தில் பயமே வரவில்லை என்றால் நம்புவீர்களா? கரன்ட் போனால் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்து முடித்துக் கொடுத்தவன் நான், முப்பது வருஷமாக. அவள் சுற்றுகிற வேகம் சரியான வேகம் என்று மட்டும் தோன்றியது. லைட் வந்த பிறகுதான் அவள் கை நடுங்கியது.

சரி, இப்போது யாரும் எழுதாத பகுதி.

டாக்டர் "டயாலிசிஸ் ஆரம்பிச்சிடலாம்" என்றபோது ஒருதடவை செய்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆபரேஷன் மாதிரி, முடிந்தால் முடிந்தது என்று. கவுன்ட்டரில் ஒரு அட்டை கொடுத்தார்கள், செவ்வாய் சனி, காலை 6 மணி ஷிப்ட் என்று எழுதி. வியாழன் அப்புறம் சேர்ந்தது. "எது வரைக்கும்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் புரியாமல் அட்டையைத் திருப்பிப் பார்த்தது. பின்பக்கம் எதுவும் இல்லை.

அன்றைக்கிருந்து நாள்காட்டி எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. செஷன் முடிந்த நாள் செத்த நாள், அடித்துப் போட்ட மாதிரி கிடப்பேன், பேச்சுக்கூட வராது. மறுநாள் காலையிலிருந்து நான் மனுஷன். அந்த ஒருநாளில்தான் பிளவுஸ், ஃபால்ஸ், பேங்க், ரேஷன், மகளின் ஸ்கூல். சாயங்காலம் ஆனதும் நாளைக்கு ஊசி என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒருநாள் கூடுதல். எல்லாரும் ஞாயிறு என்றால் சந்தோஷப்படுவார்கள். எங்களுக்குத் திங்கள் ராத்திரி மூச்சு கனத்து, தலையணை இரண்டாகி, கால் ஊதி, அந்த லீவுக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னால் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும். எனக்கு ஒரு நாளைக்கு 700 மில்லி. காபி, ரசம், மோர், மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாம் சேர்த்து. மெஷின் என் ஒருவனுக்கு 4 மணி நேரத்தில் எடுத்துக்கொள்வது 120 லிட்டர். நிமிஷத்துக்கு அரை லிட்டர் சுத்தத் தண்ணீர், உப்பு கலந்து, என் ரத்தத்துக்குப் பக்கத்திலேயே ஓடி, நேராகச் சாக்கடைக்கு. அதைக் கேட்டுக்கொண்டு நாக்கு ஒட்டிப்போய்ப் படுத்திருப்பேன். போகிற வழியும் அப்படி. காலை 5 மணி பஸ், நம்பர் ஒன் டோல்கேட் தாண்டியதும் கொள்ளிடம், அதிலாவது பாதி வருஷம் மணல். திருவானைக்காவல் தாண்டி காவிரிப் பாலம் ஏறினால், மேட்டூர் திறந்திருக்கிற நாளில் கரை தொட்டு ஓடும். ஜன்னலோர சீட்டை நானாகவே விட்டுக்கொடுத்துவிடுவேன். ஊர் முழுக்க வாழைத்தோப்பு, வாழைப்பழம் கூடாது, பொட்டாசியம். இளநீர் கூடவே கூடாது. உருளைக்கிழங்கை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை இறுத்துவிட்டுச் சாப்பிடலாம், சாப்பிட்டுப் பாருங்கள், அட்டையைத் தின்ற மாதிரி இருக்கும்.

ஒருநாள் அரை டம்ளர் ரசத்துக்காக மனைவியை அடிக்கக் கை ஓங்கினேன். இருபத்தியோரு வருஷத்தில் முதல் தடவை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் செஷனில் 3 கிலோ 400 கிராம் கூடியிருந்தேன், அவ்வளவு தண்ணீரையும் மெஷின் இழுத்ததில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தைக் கேட்டு அவள்தான் வெளியிலிருந்து ஓடிவந்து காலை நீவிவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அவள் உட்காரக்கூட இடம் இல்லை என்பது இந்த சென்டரின் பெரிய குறை. துணைக்கு வருகிறவர்களுக்கு வராந்தாவில் 3 இரும்பு நாற்காலி, ஆள் பத்துப் பன்னிரண்டு. மாடிப்படியில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருப்பார்கள், பெரும்பாலும் பெண்கள். நாங்களாவது படுத்திருக்கிறோம். அவர்களுக்கென்று ஒரு உலகம் அந்தப் படியில் ஓடுகிறது. எந்தக் காய்க்கு எத்தனை தண்ணீர் இறுக்க வேண்டும், இன்சூரன்ஸ் கார்டுக்கு எந்த ஆபீஸ், ரத்தம் ஊறுகிற ஊசி எங்கே மலிவு. பணம் பற்றி ஒருவரி: முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் போவதால் எனக்கு செஷனுக்குக் கட்டணம் இல்லை. அது இல்லாவிட்டால் இந்த ரிவ்யூவும் இல்லை. ஊசி, டெஸ்ட், வழிச்செலவு கையிலிருந்து போகிறது. வீட்டிலேயே வயிற்றில் பை மாற்றிச் செய்கிற டயாலிசிஸும் உண்டு, 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பையைக் கொண்டுவந்தே கொடுக்கிறார்கள். எங்கள் வீடு ஒரே அறை, பாதி துணி, நூல், தூசி. டாக்டரே வேண்டாம் என்றார்.

மனசைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை. தினமும் ஒரு ஷீட் எழுதுவார்கள், வந்த எடை, போன எடை, பிரஷர், எவ்வளவு தண்ணீர் எடுத்தது. கடைசியில் 'புகார்' என்று ஒரு கட்டம். அதில் நாங்கள் படுப்பதற்கு முன்பே இங்கிலீஷில் "நில்", ஒன்றும் இல்லை என்று எழுதிவிடுவார்கள். 360 நில் இருக்கும் என் ஃபைலில். டயாலிசிஸ்காரர்களுக்கு மனச்சோர்வு சகஜம் என்று டாக்டர்களுக்குத் தெரியாதா, தெரியும். போன வருஷம் தொடர்ந்து இரண்டு செஷன் நான் போகவில்லை. உடம்பு சரியில்லை, பஸ் இல்லை என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னேன். உண்மை என்னவென்றால் போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான். நாலாம் நாள் ராத்திரி மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் போய், அவசரமாக மெஷினில் போட்டார்கள். டூட்டி டாக்டர் ஏன் வரவில்லை என்று திட்டினார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. இரண்டும் ஒரே வார்த்தைதான், ஆனால் கேட்கிற விதம் வேறு. கவுன்சலிங்குக்கு ஒரு ஆளை வாரத்துக்கு ஒருநாள் வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு ஸ்டார் இங்கே பிடித்தம்.

அப்போது என்னைப் பிடித்து உட்கார வைத்தது யூடியூபில் பார்த்த ஒரு பழைய கதை. 1960-ல் அமெரிக்காவில் சியாட்டில் என்ற ஊரில், ஸ்கிரிப்னர் என்கிற டாக்டர் கையில் டெஃப்லான் குழாயை நிரந்தரமாகப் பொருத்தி, திரும்பத் திரும்ப டயாலிசிஸ் பண்ணலாம் என்று காட்டினார். அதற்கு முன்னால் நாள்பட்ட கிட்னி நோய்க்காரனுக்கு இதெல்லாம் கிடையாது. முதல் ஆள் கிளைட் ஷீல்ட்ஸ், தொழில் மெஷினிஸ்ட். நம்ம ஜாதி! 11 வருஷம் இருந்தார். இந்த 11-ஐ நான் பிடித்துக்கொண்டேன். நான் ஆரம்பித்தபோது மகளுக்கு 13. கூட்டினால் 24. ஒரு டிகிரி, ஒரு வேலை, ஒருவேளை கல்யாணப் பிளவுஸும் நானே தைக்கலாம். மூடத்தனமான கணக்குதான். 20 வருஷம் ஓட்டியவர்களும் உண்டு, 6 மாதத்தில் போனவர்களும் உண்டு, தெரியும்.

மாற்று கிட்னிக்கு மனைவி உடனே சம்மதித்தாள். டெஸ்ட் எடுத்தபோதுதான் அவளுக்கும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. வெளியே வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அண்ணன் முதலில் சரி என்றார், அப்புறம் போன் எடுப்பதில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. உறுப்பு தானத்துக்கான அரசு அமைப்பு டிரான்ஸ்டானில் பதிவு செய்து காத்திருக்கிறேன். போன் எப்போதும் பனியன் பாக்கெட்டில். தெரியாத நம்பர் வந்தால் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும், எடுத்தால் "சார் பர்சனல் லோன் வேணுங்களா" என்பார்கள். ஒருதடவை அந்தப் பெண்ணிடம் கோபமாகக் கத்திவிட்டேன், பாவம்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பேப்பரில் விபத்துச் செய்தி பார்த்தால் முதலில் வயசைப் பார்க்கிறேன். 2008-ல் திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபோது கடையில் டிவி பார்த்து நாங்கள் எல்லாருமே கண் கலங்கினோம். அன்றைக்கு அந்தப் பெற்றோரை மட்டும்தான் நினைத்தேன், வாங்கப்போகிறவன் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பான் என்று தோன்றவே இல்லை. 2023-லிருந்து தானம் கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதை செய்கிறார்கள். அந்தப் படம் பேப்பரில் வந்தால் முழுக்கப் படித்துவிட்டு, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, யாருக்குப் போயிருக்கும் என்று யோசித்துவிட்டு, அப்புறம்தான் ஐயோ என்று வரும். இந்த வரிசை மாறிப்போனதை யாரிடம் போய்ச் சொல்வது?

இனி மீதி அரை ஸ்டார். ஏழாம் நம்பரில் ஒரு பெரியவர், ரிட்டயர்டு கண்டக்டர். எனக்கு ஆறாம் நம்பர். செஷன் முடிந்து பிளாஸ்டர் ஒட்டியதும், "அடுத்த ஸ்டேஜ் வரைக்கும் டிக்கெட் போட்டாச்சு தம்பி" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே ஜோக், ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன். டிவியில் நியூஸா சீரியலா என்று தகராறு வந்தால் அவர்தான் பஞ்சாயத்து. ஒரு வியாழக்கிழமை ஏழாம் நம்பரில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். டெக்னீஷியன் பெண்ணிடம் கேட்டேன். "ஊருக்குப் போயிருக்காருப்பா" என்றாள். எந்த ஊர் என்றேன். ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்துகொண்டாள்.

முடிந்து போகும்போது கழுவுகிற அறை திறந்திருந்தது. வாசலில் சிவப்புக் கவர், கழிவு போடுவது. மேலாக ஒரு டயாலைசர். லேபிளில் அவர் பெயர், ஆர்-4. நாலு தடவைதான் ஓடியிருக்கிறது, இன்னும் நல்லா ஓடியிருக்கும், தூக்கிப் போட்டுவிட்டார்கள். படியிறங்க முடியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவளிடம் கோபப்பட்டேன். செத்துப்போனவரை ஊருக்குப் போனவர் என்று ஏன் சொல்ல வேண்டும், பக்கத்தில் ஒன்றரை வருஷம் படுத்தவனுக்கு மாலை போடக்கூட உரிமை இல்லையா என்று. "சொல்லக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்கப்பா, மத்த பேஷன்ட் பயந்துடுவாங்களாம்" என்றாள். அப்புறம், குரலைத் தணித்து, "நானே ஒரு வாரமா அந்த மெஷின் பக்கம் போகலப்பா, மாத்திக்கிட்டேன்" என்றாள். 23 வயதுப் பிள்ளை, மாசத்துக்கு எத்தனை பேரை இப்படி ஊருக்கு அனுப்பிவிட்டு, சிரித்த முகமாக வந்து ஊசி போடுகிறது. அவளிடம் யார் கேட்கிறார்கள்? நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை: நாங்கள் பயந்துவிடுவோம் என்று மறைக்காதீர்கள். ஆள் மாறிய படுக்கையைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரியாதவர்கள் யாரும் அந்த ஹாலில் இல்லை. சொல்லிவிட்டால் ஒரு நிமிஷம் டிவியை அணைத்திருப்போம்.

இதுதான் மூன்றரை. நண்பர்கள் கேட்டால் சேரச் சொல்வேனா என்றால், சொல்வேன். தண்ணீர் சுத்தம், கை சுத்தம், பொய் பில் கிடையாது. காலை ஷிப்ட் கிடைப்பது கஷ்டம், முதலில் மாலை ஷிப்டில் சேர்ந்துகொண்டு பெயரைச் சொல்லி வையுங்கள். லிஃப்ட்டை நம்பாதீர்கள். செஷனுக்கு நடுவில் வயிறு முட்ட இட்லி சாப்பிடாதீர்கள், பிரஷர் இறங்கிவிடும், எனக்கு இரண்டு தடவை கண் இருட்டியிருக்கிறது. போர்வை நீங்களே கொண்டுபோவது நல்லது, அவர்கள் கொடுப்பது மெலிசு. ஏழாம் நம்பர் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், ஜன்னல் பக்கம், மலைக்கோட்டை கொஞ்சம் தெரியும். ஏசி மட்டும் நேராகத் தலையில் அடிக்கும். கண்டக்டர் மங்கி குல்லா போட்டுக்கொண்டுதான் வருவார்.